எந்த மாத்திரையை நிறுத்துவது?

ஆசிரியருக்கு,

அறுவை சிகிச்சைக்கு முன் ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பகுதியில் வெளியான குறிப்பு எல்லா மாத்திரைகளுக்கும் பொருந்தாது. நிறுத்தலாமா என்ற கேள்வி முக்கியமாக டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் வகைகளைப் பற்றியது. அழுத்தம் இறங்கும்போது, சிறுநீரக வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் நுண்குழாயை, உடலில் உருவாகும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் இறுக்கி, வடிகட்டல் குறையாமல் காக்கிறது. இம்மருந்துகள் அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகின்றன. மயக்க மருந்தும் சேர்ந்து ரத்தக் குழாய்களை விரிக்கும். சராசரி ரத்த அழுத்தம் (மேல், கீழ் அளவுகளுக்கு இடைப்பட்டது) 65 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே நீடித்தால் சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும். எனினும், 2,222 பேரைக் கொண்டு பிரான்ஸில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், மாத்திரையைத் தொடர்ந்தவர்களுக்கு அழுத்தச் சரிவு கூடுதலாக ஏற்பட்டதே தவிர, இறப்பிலோ பெரிய சிக்கல்களிலோ வேறுபாடு இல்லை. எனவே, ஆளுக்கு ஆள் மயக்கவியல் மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். இதயத் துடிப்பைத் தணிக்கும் அட்டினலால், மெட்டோபுரோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவதோ மாரடைப்பு வரை கொண்டுபோய் விடலாம்.

கூட்டு மாத்திரைகளில்தான் உண்மையான ஆபத்து. டெல்மிசார்டனும் மெட்டோபுரோலாலும் ஒரே மாத்திரையில் இருந்தால், ஒன்றை நிறுத்தும்போது மற்றதும் நின்றுபோகிறது. பலர் கொண்டுவருவது கடையில் கத்தரித்துக் கொடுத்த, பெயர் பாதி போன அட்டை. உள்ளே என்ன மருந்து என்று பரிசோதனை அறையில் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. மருந்தின் முழுப்பெயர், கடைசி வேளை, மீண்டும் தொடங்கும் நாள் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதித் தரும் சீட்டை எல்லா மருத்துவமனைகளிலும் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். வலிக்குப் போடும் டைக்ளோபினாக் ஊசியும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், அதைப் போடும் முன் சிறுநீர் அளவையும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்த அளவையும் பார்க்க வேண்டும் என்ற குறிப்பும் அதிலேயே இடம்பெறட்டும்.