பதிமூணாம் நாள்

சின்னப்பாலம், பாம்பன்

அன்பு மகளுக்கு,

"கம்பெனியில ஒரு வரிசைப் பிள்ளைகளுக்கு என்னைய லைன் லீடர் ஆக்கிட்டாங்க, ஆனா பிள்ளைக என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுகம்மா"ன்னு நீ போன்ல அழுததுல இருந்து எனக்கு மனசே சரியில்லை.

மாசம் 12 நாளுக்கு மேல கடல்பாசி எடுக்கிறதில்லைன்னு பாசி எடுக்குற பொம்பளைக நாங்க முடிவு பண்ணுனப்ப நீ சின்னப் பிள்ளை. இரும்பால சுரண்டுனா அடியோட போயிரும், கையாலதான் பறிக்கணும், கடலைக் கொஞ்சம் விட்டுவச்சாத்தான் மரிக்கொழுந்துப் பாசி திரும்பத் தழைக்கும்னு எங்க தலைவியக்கா சொன்னாங்க. கூட்டத்துல எல்லாரும் தலையாட்டினோம். நானுந்தான். பதிமூணாம் நாள் விடியக்காலம் தண்ணி நல்லா வத்திக் கிடந்துச்சு. வீட்டுல அரிசி இல்லை. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, தண்ணிக்குள்ள பாக்குற கண்ணாடியும் பையுமா கரைக்குப் போனேன்.

அக்கா அங்க உக்காந்திருந்தாங்க. அவங்க மருமகளும் பையோட வந்து நின்னா. "வீட்டுக்குப் போ தாயி"ன்னு அவளைத்தான் அனுப்புனாங்க. என்னைய ஒண்ணும் சொல்லல. அவங்க காதைப் பாத்தேன். தோடு அடகுல கிடந்துச்சு, வேப்பங்குச்சி சொருகியிருந்தாங்க. அன்னைக்குக் கடல்ல இறங்கியிருந்தா வட்டியாவது கட்டியிருக்கலாம். நான் துணியை அவுத்துட்டுத் திரும்பிட்டேன். அதுக்கப்புறம் கணக்குத் தப்பி ஒரு நாளும் இறங்குனதில்லை. காவலுக்குன்னு யாரும் நிக்கல.

எட்டாவது படிக்கையில கலாம் ஐயாவைப் பத்திப் பேசிப் பரிசு வாங்குனியே, ஞாபகம் இருக்கா? 1979 ஆகஸ்டுல அவர் பொறுப்புல விட்ட எஸ்எல்வி-3 ராக்கெட் வங்கக்கடல்ல விழுந்துச்சு. பத்திரிகைக்காரங்களுக்குப் பதில் சொன்னது அவருக்கு மேல இருந்த இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டார். 1980 ஜூலையில ரோகிணி செயற்கைக்கோள் நல்லபடியா வானத்துல ஏறுனப்ப, பேசச் சொல்லிக் கலாமை அனுப்பிவச்சார். ஐயா பெரிய ஆளான பிறகும் இதை மறக்காம ஊரூராச் சொன்னாரே.

போன வாரம் சரக்கு ரிஜெக்ட் ஆனப்ப, மேனேஜர் கேட்டதும் அந்தப் புதுப்பிள்ளையைக் கை காட்டிட்டேன்னு சொன்னியே தாயி. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அவளுக்கு வேலை காட்டிக் குடுத்தது நீதானே? நின்னு பாத்த மத்த பிள்ளைக நாளைக்கு எப்படி உன்னைய நம்பும்? மேனேஜர்கிட்ட போயி, நான்தான் சரியாப் பாக்கலைன்னு சொல்லு. சம்பளத்துல பிடிச்சாப் பிடிக்கட்டும், அம்மா பாத்துக்கிறேன்.

நெத்திலிக் கருவாடு ரெண்டு பொட்டலம் அனுப்பியிருக்கேன். ஒண்ணு அவளுக்கு.

அம்மா