சீமைக்கருவேலமும் கதிர்வீச்சும்

ஆசிரியருக்கு,

சாயல்குடி, கடலாடிப் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறோம். அதே கட்டையிலிருந்து நொதி மூலம் சர்க்கரையும் எத்தனாலும் எடுக்கலாம். ஆனால் நொதி சேர்க்கும் முன் கட்டையை இளக்கும் முன்பக்குவத்துக்குக் கதிர்வீச்சு மட்டும் போதும் என்பது சரியல்ல. அது கட்டையில் சர்க்கரை கோத்திருக்கும் செல்லுலோஸ் சங்கிலியைத் துண்டாக்கும், நாரைப் பிணைத்து நொதியைத் தடுக்கும் லிக்னினை வெளியேற்றாது. கதிர் கொடுத்த கட்டைத் தூளை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தில் ஊறவைத்து, காரம் போகக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் செல்லுலோஸைச் சர்க்கரையாக்கும் செல்லுலேஸ் நொதி வேலை செய்யாது. அந்த நொதிக்கு பிஎச் (அமில, கார அளவு) 5, வெப்பம் 50 டிகிரி அளவில் இருக்க வேண்டும்.

கதிரின் அளவுதான் சிக்கலான இடம். மருத்துவக் கருவிகளின் கிருமி நீக்கத்துக்கு 25 கிலோகிரே (பொருள் உள்வாங்கும் கதிர் ஆற்றலின் அலகு). கட்டைக்கோ நூற்றுக்கணக்கில் தேவை. 100 கிலோகிரே என்றால் கிலோவுக்கு 100 கிலோஜூல் ஆற்றல். உலர்ந்த தூள் சுமார் 60 டிகிரி சூடேறும். எலெக்ட்ரான் கற்றையில் 500 கிலோகிரேயை ஒரே மூச்சில் கொடுத்தால் தூள் கருகும். தவணையாகக் கொடுத்து, இடையில் ஆறவிட வேண்டும். அளவு மிஞ்சினால் சர்க்கரையே சிதைந்து வீணாகும். கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் காமா கதிர் ஆழமாகப் பாயும், ஆனால் மெதுவானது: மணிக்கு 5 கிலோகிரே தரும் அறையில் 500 சேர 100 மணி நேரம்.

கதிர் பட்ட கட்டை கதிரியக்கம் பெறாது. அந்த அச்சம் வேண்டாம். மின்செலவையும் காரக் கழிவுநீரையும் கணக்கிட்ட பிறகே இங்கே ஆலை பற்றிப் பேசுங்கள். அந்த நீர் ஊருணிக்குப் போகவே கூடாது.

வாசகர்கள்,
சாயல்குடி