சான்றிதழ் கேட்கவில்லை, ஹேண்ட்பீஸைப் பற்றிக் கேட்டேன்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு
பொருள்: உங்கள் பல் மருத்துவமனைக் கிளையில் தொற்றுத் தடுப்புக் குறைபாடு – இரண்டாவது புகார்

வணக்கம்.

முதல் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் வந்தது. "எங்கள் மருத்துவர்கள் அனைவரும் கொரோனா தொற்றுத் தடுப்புப் பயிற்சி முடித்தவர்கள்" என்று ஒரு வரி, கூடவே ஒரு சான்றிதழின் நகல். எனக்குச் சிகிச்சை செய்த மருத்துவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவே இல்லையே. அன்றைக்கு என் வாயில் கை வைத்தபோது என்ன செய்தார் என்றுதான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது, அதனால் மறுபடி எழுதுகிறேன்.

பல்லின் வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கேனல் சிகிச்சைக்கு வந்தேன். மூன்று ராத்திரி தூங்கவில்லை, அதற்குமேல் தள்ளிவைக்க முடியவில்லை. வாசலிலேயே கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்று வைத்திருந்தீர்கள், அதற்குள் நடந்தால் தலையிலிருந்து கால்வரை ஏதோ மருந்தைப் பீய்ச்சி அடிக்கிறது. ஆட்கள் மேல் இப்படிக் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது, அது கண்ணையும் தோலையும் மூச்சையும் பாதிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. சரி, அது வெளி வாசல். பல்வலியோடு வந்தவன் அங்கே நின்று சண்டை போடவா முடியும்?

உள்ளே மருத்துவர் முழுப் பாதுகாப்பு உடையில், முகத்தடுப்போடு நின்றார். பார்க்கத் திருப்தியாகத்தான் இருந்தது. அவர் போட்டிருந்த என்95 மாஸ்க்கில் வால்வு இருந்தது. வால்வு வைத்த மாஸ்க் போட்டிருப்பவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியே வரும், அதாவது பாதுகாப்பு அவருக்கு, காற்று எனக்கு. அப்புறம் கையுறையோடே போனை எடுத்துப் பேசினார், கணினியில் எக்ஸ்ரேயைத் தள்ளிப் பார்த்தார், திரும்பி வந்ததும் உதவியாளர் அந்தக் கையுறை மேலேயே சானிடைசரைத் தெளிக்க, "ஆ காட்டுங்க" என்றார். ஒருமுறை போட்டுக் கழற்றுகிற கையுறையைத் தெளித்துத் தெளித்துப் பயன்படுத்தக் கூடாது, சானிடைசர் பட்டால் அது நைந்துபோகலாம், மாற்றத்தான் வேண்டும்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். என்னால் விட முடியாதது ஹேண்ட்பீஸ், அதாவது பல்லைக் குடையும் கைக்கருவி. எனக்கு முன்னால் இருந்தவர் எழுந்து போனதும் அதே ஹேண்ட்பீஸை ஸ்பிரிட் பஞ்சால் இரண்டு துடை துடைத்துவிட்டு, நுனியில் சுழலும் பர்ரை மட்டும் மாற்றி என் பல்லில் வைத்தார்கள். சுழற்சி நிற்கும்போது எச்சிலும் ரத்தமும் அதன் உள்ளேயே இழுக்கப்படலாம், வெளியே துடைத்தால் உள்ளே இருப்பது எப்படிப் போகும்? ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் இயந்திரத்தில், வைத்து எடுக்க வேண்டும் என்பது கொரோனாவுக்காக வந்த விதியும் அல்ல, மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி போன்றவற்றுக்காக எப்போதோ வந்தது.

ரப்பர் டேமும் போடவில்லை. பல்லைத் தனியாகப் பிரித்து எச்சில் தெறிப்பதைக் குறைக்கும் அந்த ரப்பர் விரிப்பு ரூட் கேனலுக்கு எந்தக் காலத்திலும் போட வேண்டியதுதான். அது இல்லாவிட்டால் ஹேண்ட்பீஸ் கிளப்பும் நீர்த்துளிப் புகை அறை முழுக்கப் பரவும். ஜன்னல் சாத்தியிருந்தது, ஏசி ஓடியது, நான் எழுந்த உடனே அடுத்தவரை உட்கார வைத்தார்கள்.

வாயில் பஞ்சை எடுத்ததும் மருத்துவரிடமே கேட்டேன். பாவம், அவர் எதையும் மறைக்கவில்லை. "134 டிகிரியில் மூணு நிமிஷம் வைக்கணும் சார், சூடேறி காய்ஞ்சு ஆறறதுக்கு எல்லாம் சேர்த்து அரை மணிக்கு மேல ஆகும். எங்ககிட்ட இருக்கறது ரெண்டே ஹேண்ட்பீஸ், இருபது நிமிஷத்துக்கு ஒரு அப்பாயிண்ட்மெண்ட்" என்றார். உங்கள் சான்றிதழ் சொல்வது உண்மைதான், மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைச் செய்ய நீங்கள் அவருக்குக் கருவியும் தரவில்லை, நேரமும் தரவில்லை. அதனால் அவர்மேல் நடவடிக்கை எடுத்து இந்தப் புகாரை முடித்துவிட வேண்டாம். அப்பாயிண்ட்மெண்ட் அட்டவணை போட்டது யார் என்று பாருங்கள்.

எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். அந்தக் கிளையில் எத்தனை ஹேண்ட்பீஸ் இருக்கின்றன, ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள்? ஆட்டோகிளேவ் கிருமிகளை உண்மையிலேயே கொல்கிறதா என்று பார்க்கும் ஸ்போர் சோதனையைக் கடைசியாக என்று செய்தீர்கள்? அந்தப் பதிவேட்டின் நகலை அனுப்புங்கள், சான்றிதழ் இன்னொன்று வேண்டாம். பில்லில் "தொற்றுத் தடுப்புக் கட்டணம்" என்று தனியாக ஒரு வரி போட்டு வாங்கினீர்களே, அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுங்கள். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள், அவருக்கு முந்தியவருக்கு வைத்த ஹேண்ட்பீஸையே துடைத்து அவருக்கும் வைத்தார்களோ என்னவோ.

என் பல் இப்போது தற்காலிக அடைப்போடு இருக்கிறது, அதை வெகுநாள் அப்படியே விட முடியாது. மீதி வேலையை வேறு இடத்தில் முடித்துக்கொள்ளப் போகிறேன், அதற்கு என் எக்ஸ்ரேயும் சிகிச்சைக் குறிப்பும் வேண்டும். மற்ற பதில்களைத் தேட உங்களுக்கு நேரம் ஆகலாம், இவை இரண்டும் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன, இந்த வாரமே அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கிளையில் பாதி ரூட் கேனல் முடித்த வாடிக்கையாளர்