தவளைக்கு ஒரு டார்ச்

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

உன் கேள்விக்குப் பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. திட்டிக்கொள், உனக்கு உரிமை உண்டு. இங்கே எல்லோரும் சுகம். போன ஞாயிறு உங்கம்மாவைப் பார்த்தேன். குவைத்தில் நீ மெலிந்துவிட்டாயாம், அதற்கும் எனக்குத்தான் ஏச்சு.

ஊருக்குத் திரும்பினால் மகளை ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்று கேட்டிருந்தாய். பள்ளி பள்ளியாகப் போய் வகுப்பைப் பார்ப்பதுதான் என் வேலை, ஒரு பெயரைச் சொல்லி முடித்திருக்கலாம். முடியவில்லை. இந்த மாதம் பார்த்தவை மனசை விட்டுப் போகவே இல்லை.

பேச்சிப்பாறைக்கு மேலே, காணிக்காரப் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளி. மூன்று வகுப்புக்கும் ஒரே அறை. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப்படி, பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைத்திருந்தார்கள். அது எல்லா அரசுப் பள்ளியிலும் உண்டு. அந்த டீச்சர் படத்தைக் காட்டி, பிள்ளைகள் வீட்டில் சொல்லும் காணிச் சொல்லை முதலில் கேட்டு எழுதினார். பிறகு அதன் பக்கத்திலேயே புத்தகச் சொல்லை எழுதினார். முதல் நாளிலிருந்தே பேசுகிற பிள்ளைகள், மக்கா!

அப்புறம் கடற்கரைப் பள்ளி. எட்டாம் வகுப்புக் கணக்கு. வரைபடத்தாளில் புள்ளி குறிக்கும் பாடம். ஒரு பையன் எழுந்து, "எங்கப்பா கடல்ல இப்படித்தான் சார் இடம் பார்ப்பாவ" என்றான். கரையில் கோயில் கோபுரமும் பின்னால் மலையும் நேராக வர வேண்டும். இன்னொரு பக்கம் தென்னந்தோப்பும் வேறொரு குன்றும் நேராக வர வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் மீன். சார் புத்தகத்தை மூடிவிட்டு அவனையே வரையச் சொன்னார். அவன் வரைந்தது தப்பு, கோடுகள் கரைமேல் வெட்டிக்கொண்டன. சார் அழிக்கவில்லை. "உங்க வள்ளம் இப்ப எங்க நிக்குது?" என்று மட்டும் கேட்டார். "கோயில் வாசல்ல!" என்று வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்துக்கொண்டே திருத்தினான். ஒரு கோடு போதாதா என்று ஒரு பெண் கேட்டாள். "நீயே சொல்லு" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஒண்ணே ஒண்ணுன்னா வள்ளம் அந்தக் கோட்டுல எங்க வேணும்னாலும் நிக்கலாம்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நகரத்துப் பெரிய ஆங்கிலப் பள்ளியில் ஸ்மார்ட் போர்டு, ஏசி எல்லாம் உண்டு. ஓர் அறையில் தப்பாகச் சொன்ன பிள்ளையை "சிட் டவுன்" என்றதோடு சரி. அடுத்த அறையில் இயற்பியல் சார் மதிப்பெண் போடாமலே விடைத்தாளைக் கொடுத்து, தப்பை அவரவரே கண்டுபிடிக்கச் சொன்னார். ஒரே கட்டடம், ஒரே கட்டணம்.

தவளை என்று நாம் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்ட நம் வகுப்புக்காரனை நினைத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகை முன்னால் அன்று நடந்தது உனக்கும் தெரியும். நாமும் சேர்ந்துதான் சிரித்தோம். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. போன வாரம் குலசேகரத்தில் பார்த்தேன், இப்போதும் ரப்பர் பால் வெட்டுத்தான். பேச்சுவாக்கில், "எனக்குக் கணக்கு வராதுல்லா" என்றான். தினம் முந்நூறு மரம் வெட்டி, பால் அளந்து, ஷீட் எண்ணி முதலாளிக்குக் கணக்குக் கொடுப்பவன் அவன்! 1819இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்த ஊர் நம்முடையது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதத்தோடு எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நம் கன்னியாகுமரி. அந்தக் கணக்கில் தவளையும் ஒருவன்.

சரி, உன் மகள் விஷயம். லீவுக்கு வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வா. மூன்று பள்ளி பார்ப்போம். கட்டடம் பார்க்க வேண்டாம். கடைசி பெஞ்சில் அரைமணி நேரம் இருந்து, தப்பாகப் பதில் சொன்ன பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எது பிடித்தது என்று அவளே சொல்லட்டும்.

வரும்போது நெற்றியில் கட்டுகிற டார்ச் ஒன்று, நல்லதாக வாங்கி வா. தவளை விடியும் முன்னே ரப்பர் தோட்டத்துக்குப் போகிறான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கொடுப்போம்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்