விற்றவர்களும் வளர்ந்தவர்களும்: பிட்ஸ்பர்க் நண்பனுக்கு ஒரு கடிதம்

சிகாகோ,
2025 அக்டோபர் 20

அன்புள்ள நண்பா,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பருவ முடிவில் நடக்கும் பிளேஆஃப் சுற்றில், மில்வாக்கியில் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்று எங்கள் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி வெளியேறிய வருத்தம் ஆறாமலிருந்த நேரம் என்பதால் அதை இரண்டு முறை படித்தேன். இந்தப் பருவத்தை 71 வெற்றி, 91 தோல்வி என்று முடித்த உன் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியைப் பற்றி நீ எழுதியிருந்ததில் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. மூத்த வீரர்களைக் கொடுத்துவிட்டு இளையவர்களை வாங்கினால் அணி தலையெடுக்கும் என்று வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார்களே, அது சிகாகோவில் பலித்தது, பிட்ஸ்பர்க்கில் ஏன் பலிக்கவில்லை என்று கேட்டிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்தபோது 2012-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதிதான் முதலில் நினைவுக்கு வந்தது.

அன்று நீ இன்னும் சிகாகோவில் இருந்தாய். கப்ஸின் பந்து வீச்சாளர் ரயன் டெம்ப்ஸ்டரை டெக்சஸ் அணிக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, உன் மகன் அவருடைய 46-ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். இனி அந்தச் சட்டையைப் போடலாமா கூடாதா என்று அவன் கேட்டதற்கு நம் இருவருக்கும் பதில் தெரியவில்லை. டெம்ப்ஸ்டருக்கு அப்போது 35 வயது. ஒன்பதாவது ஆண்டாக நம் ஊரில் ஆடிக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக 2.25 ரன்தான் விட்டுக்கொடுத்திருந்தார். பத்தாண்டு பெரிய லீக் அனுபவமும், அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியிலும் இருந்தவருக்குத் தன்னை விற்பதை மறுக்கும் உரிமை உண்டு என்பதால், சில நாட்களுக்கு முன்புதான் அட்லாண்டாவுக்குப் போக மாட்டேன் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டு நீ மகிழ்ந்தாய். நானும் மகிழ்ந்தேன். ஆனால் அவருடைய ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிகிறது, அணியோ அந்தப் பருவத்தில் 101 ஆட்டங்களில் தோற்கப் போகிறது. அவரை வைத்துக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு மாதம் கைதட்டியிருப்போம், அவ்வளவுதான். கப்ஸ் நிர்வாகத்தை நடத்திய தியோ எப்ஸ்டீனும் ஜெட் ஹோயரும் அந்த இரண்டு மாதத்தைக் கொடுத்து இரண்டு இளைஞர்களை வாங்கினார்கள்.

அந்த இருவரில் எல்லோரும் பெரிதாகப் பேசியது கிறிஸ்டியன் வில்லனுவேவாவைப் பற்றி. இன்னொருவர், மர்ட்டில் பீச் என்னும் கடற்கரை ஊரின் மைனர் லீக் அணியில், இளம் வீரர்களைப் பழக்கும் கீழ்நிலை அணியில், பந்து வீசிக்கொண்டிருந்த கைல் ஹெண்ட்ரிக்ஸ். புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில் எட்டாவது சுற்றில் தேர்வானவர், டார்ட்மத் கல்லூரிப் பிள்ளை, பெரும்பாலும் மணிக்கு 90 மைலை எட்டாத வேகம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாம் சொல்வோம், ஆனால் இந்த முளையை அன்று யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வில்லனுவேவா கப்ஸுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஹெண்ட்ரிக்ஸோ 2016-இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.13 ரன் என்ற கணக்கில் பெரிய லீக் முழுவதற்கும் முதலாவதாக வந்தார். அந்த ஆண்டு சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கி வைத்த கையும் அவருடையதுதான்.

அந்தத் தொடரின் கடைசி இரண்டு ஆட்டங்களை நான் பலமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஆறாவது ஆட்டத்தில் வீசியவர் ஜேக் அரியெட்டா, 2013 ஜூலையில் ஸ்காட் ஃபெல்ட்மேனையும் இன்னொருவரையும் பால்டிமோருக்குக் கொடுத்து பெட்ரோ ஸ்ட்ரோப்போடு சேர்த்து வாங்கப்பட்டவர். அதே ஆட்டத்தில் மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்க, பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அனுப்பும் ஹோம் ரன் அடித்த ஏடிசன் ரஸ்ஸல், 2014-இல் ஜெஃப் சமார்ஜாவையும் ஜேசன் ஹாமலையும் ஓக்லண்டுக்கு அனுப்பியதற்கு ஈடாக வந்தவர். மறுநாள் பத்தாவது இன்னிங்ஸில் கிரிஸ் பிரையன்ட் வழுக்கிக்கொண்டே எறிந்த கடைசிப் பந்தைப் பிடித்துத் தன் பின்பக்கப் பையில் செருகிக்கொண்ட ஆன்டனி ரிஸ்ஸோவும் பரிமாற்றத்தில் வந்தவர்தான். உலகத் தொடரை வெல்ல கப்ஸ் காத்திருந்த 108 ஆண்டும் அந்தப் பைக்குள் போனது. அதற்கு நாம் கொடுத்த விலை 2012 முதல் 2014 வரையிலான மூன்று பருவங்களில் 286 தோல்விகள். காலி இருக்கைகளுக்கு நடுவே, செப்டம்பர் குளிரில், தோற்கத்தான் போகிறது என்று தெரிந்த அணியை நாம் உட்கார்ந்து பார்த்த மாலைகளை நீ மறந்திருக்க மாட்டாய்.

இதையெல்லாம் பார்த்துத்தான், சரியான நேரத்தில் மூத்தவரை விற்பதே முழு வித்தை என்று நெடுநாள் நம்பியிருந்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. என் எண்ணத்தை மாற்றியவர் அரியெட்டா. பால்டிமோரில் அவர் ஆடிய காலம் முழுவதும் சேர்த்து ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.46 ரன் கொடுத்தவர், 27 வயதாகியும் நிலைகொள்ளாதவர். உடலுக்குக் குறுக்காகக் கையைக் கொண்டுவந்து வீசும் அவருடைய இயல்பான முறையை அங்கே மாற்றப் பார்த்தார்கள். கப்ஸ் அவரை முதலில் அயோவாவுக்கு, தங்கள் மைனர் லீக் அணிக்கு அனுப்பினார்கள், ஆனால் வீசும் முறையை அவர் விருப்பத்துக்கே விட்டார்கள். 2015-இல் 22 வெற்றி, 6 தோல்வி, 1.77 ரன் என்ற கணக்கோடு, சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதை வாங்கினார். பால்டிமோர் கொடுத்ததும் கப்ஸ் வாங்கியதும் அதே கை, அதே தோள். பார்த்த கண்தான் வேறு.

அந்த ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி சிகாகோவிலிருந்து நாள் முழுவதும் காரை ஓட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? ஒரே ஆட்டம், தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும். பைரேட்ஸ் 98 ஆட்டங்களில் வென்ற அணி, கப்ஸ் 97. கறுப்புச் சட்டைகளின் கடலில் நான் ஒருவன் நீலச் சட்டையோடு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது இன்னிங்ஸில் கைல் ஷ்வார்பர் அடித்த பந்து வலப்பக்க இருக்கைகளையெல்லாம் தாண்டி அலெகெனி ஆற்றுப் பக்கமாக மறைந்தபோது நீ என் தோளில் கை வைத்துவிட்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்தாய். அரியெட்டா ஒன்பது இன்னிங்ஸும் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை, 4-0. அன்றைக்குப் பிறகு பைரேட்ஸ் பிளேஆஃப் பக்கம் வரவில்லை. என் மகிழ்ச்சியை அன்று உன் முன்னால் அடக்கிக்கொண்டது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில் அங்கேயே தொடங்குகிறது. 2018 ஜனவரியில் பைரேட்ஸ் இரண்டு நாள் இடைவெளியில் கெரிட் கோலை ஹூஸ்டனுக்கும் ஆண்ட்ரூ மக்கட்சனை சான்பிரான்சிஸ்கோவுக்கும் கொடுத்தார்கள். மக்கட்சனுக்கு ஈடாக வந்த பிரையன் ரெனால்ட்ஸ் நல்ல வீரராக வளர்ந்து இன்றும் உங்களோடு இருக்கிறார் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கோலுக்கு வந்த நால்வரில் ஒருவரும் உங்களிடம் நிலைக்கவில்லை. அவர்களில் ஜோ மஸ்க்ரோவ் சான் டியேகோவுக்குப் போன பிறகு 2021-இல் அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் நோ-ஹிட்டரை, எதிரணியில் யாரும் அடித்துத் தளம் சேர விடாத ஆட்டத்தை, வீசினார். கோலும் ஹூஸ்டனுக்குப் போன பிறகுதான் நாட்டின் தலைசிறந்த பந்து வீச்சாளர்களில் ஒருவரானார். அதே 2018 ஜூலையில் கிரிஸ் ஆர்ச்சரை வாங்குவதற்காக டைலர் கிளாஸ்னோவையும் ஆஸ்டின் மெடோஸையும் பிறகு ஷேன் பாஸையும் தம்பா பேயிடம் கொடுத்தது உன் நெஞ்சில் இன்னும் முள்ளாக இருக்கும் என்பதால் அதை நீட்ட விரும்பவில்லை. விற்றாலும் வாங்கினாலும் பிட்ஸ்பர்க்கை விட்டுப் போகிறவர்கள் போன இடத்தில் தழைத்தார்கள். விற்றது குற்றமே இல்லை, நண்பா. வேறொருவர் நாற்றங்காலிலிருந்து நாற்று வாங்கி வருகிறவனுக்குத் தன் வயலில் தண்ணீர் இருக்க வேண்டும்.

இதற்குச் சாட்சி தேடி உன் ஊர் வரை வர வேண்டியதில்லை, எங்கள் நகரத்தின் தென்பகுதியிலேயே இருக்கிறது. 2016 டிசம்பரில் வைட் சாக்ஸ் அணி கிரிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து, அன்றைய இளம் வீரர்களில் முதலிடத்தில் பலர் வைத்திருந்த யோவான் மொன்காடாவையும், மின்னல் வேகப் பந்து வீச்சாளர் மைக்கேல் கோபெக்கையும் வாங்கியது. மறுநாளே ஆடம் ஈட்டனைக் கொடுத்து லூக்காஸ் ஜியோலிட்டோவை வாங்கியது. அடுத்த ஜூலையில் ஹோசே கின்டானாவை எங்கள் கப்ஸிடமே கொடுத்து எலாய் ஹிமெனெஸையும் டிலன் சீஸையும் பெற்றது. தாளில் எழுதிப் பார்த்தால் கப்ஸ் செய்த எந்தப் பரிமாற்றத்தையும்விட இவை சிறந்தவை, நானே அப்போது உன்னிடம் அப்படிச் சொன்னேன். 2020-இலும் 2021-இலும் பிளேஆஃபுக்கு வந்தார்கள், ஆனால் ஒரு சுற்றில்கூட வெல்லவில்லை. 2024-இல் 121 ஆட்டங்களில் தோற்றார்கள், 1900-க்குப் பிறகு எந்த அணியும் ஒரே பருவத்தில் அத்தனை தோற்றதில்லை. சேல் பாஸ்டனிலும் ஈட்டன் வாஷிங்டனிலும் உலகத் தொடர் வென்றுவிட்டார்கள். மேலே ஐந்தாறு பெரிய பெயர்களை வைத்துவிட்டுக் கீழே யாரையும் வளர்க்காமல் விட்டதுதான் காரணம் என்பது என் கணிப்பு. காயங்கள் வந்தபோது அந்த இடத்தில் நிற்க ஆளில்லை.

கப்ஸ் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. 2013-இல் மேட் கார்சாவுக்கு ஈடாக வந்தவர்களில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட மைக் ஓல்ட், அதற்கு முந்தைய குளிர்காலத்தில் தலையில் பந்து பட்டுப் பார்வைத் தொல்லையில் சிக்கியிருந்தவர். 2014-இல் அவருடைய பேட்டிங் சராசரி வெறும் .160. அந்த இளைஞனைப் பார்க்கவே மனம் வலித்தது. பிரையன்ட் விஷயத்தில் நடந்தது இன்னும் பெரிய மனக்குறை. ஒரு வீரர் ஆறு முழுப் பருவம் ஆடினால்தான் தன் விருப்பப்படி அணியைத் தேடிக்கொள்ளலாம், 172 நாள் இருந்தால் ஒரு முழுப் பருவம். 2015-இல் அவர் தயாராக இருந்தும் ஏப்ரல் 17 வரை மைனர் லீக்கில் நிறுத்தி வைத்ததால் அவர் கணக்கில் 171 நாள்தான் ஏறியது. அவர் முறையிட்டார், 2020 தொடக்கத்தில் முறையீடு தள்ளுபடியானது. அந்த ஒரு நாள் மட்டும் குறையாமல் இருந்திருந்தால் 2020-க்குப் பிறகே அவர் சுதந்திரமாகப் போயிருப்பார். 2021 ஜூலையில் அவரை சான்பிரான்சிஸ்கோவுக்கு விற்று இரண்டு இளைஞர்களை வாங்கியிருக்கவும் முடியாது. அணியைக் கட்டுவதற்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டாலும், ஒரு மனிதனின் வேலைக் கணக்கில் ஒரு நாளைக் குறைத்து அதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஜூலையில் இரண்டே நாட்களில் 2016 அணியின் ரிஸ்ஸோ, ஹாவியர் பாயெஸ், பிரையன்ட் மூவரையும் கொடுத்தபோது உனக்கு எவ்வளவு கோபமாக எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். வாஷிங்டன் மைதானத்தில் வீரர்கள் அமரும் இடத்தில் தொலைபேசியைக் காதில் வைத்தபடி பிரையன்ட் கண்கலங்கி நின்ற படம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பொறுத்துப் பார், பாயெஸுக்கு வந்த பையனைக் கவனி என்று நீதான் பதில் எழுதினாய். அந்தப் பையன்தான் பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங், இந்த ஆண்டு 31 ஹோம் ரன் அடித்து, பந்து வீசப்படும் நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடி 35 தளங்களைத் திருடியவர். நடுக்களத்தில் அவர் ஓடிப் பந்து பிடிப்பதைப் பார்க்கவே டிக்கெட் வாங்கலாம். ரிஸ்ஸோவுக்கும் பிரையன்ட்டுக்கும் வந்தவர்கள் அந்த அளவுக்கு வளரவில்லை. மூன்றில் ஒன்று இப்படிக் காய்த்தால் போதும் என்று அணிகள் கணக்குப் போடுகின்றன.

உங்கள் பந்து வீச்சாளர் பால் ஸ்கீன்ஸை விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.97 ரன் மட்டுமே கொடுத்தும் 10 வெற்றி, 10 தோல்வி என்று அவர் பருவத்தை முடித்தது மட்டையாளர்களின் குறை. அவர் 2029 வரை உங்கள் கையில் இருக்கிறார். இருபத்து மூன்று வயதுப் பந்து வீச்சாளரை விற்பதற்கு மறுகட்டுமானம் என்று பெயர் வைக்க முடியாது. முதலில் உங்கள் மைனர் லீக்கிலிருந்து இரண்டு நல்ல மட்டையாளர்களை வளர்த்துக் காட்டட்டும், அதற்குப் பிறகு யாரை விற்பது என்று பேசட்டும்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். செப்டம்பர் 13 அன்று ரிக்லி மைதானத்தில் ரிஸ்ஸோவுக்கு ஓய்வு விழா எடுத்தார்கள். கப்ஸ் வீரராகவே ஓய்வு பெறுகிறேன் என்று திரும்பி வந்திருந்தார். நானும் போயிருந்தேன். ஆட்டத்தின்போது அவர் வெளிக்களத்துப் பெஞ்சுகளில் ரசிகர்களோடு ரசிகராக உட்கார்ந்திருந்தார். கப்ஸ் தாங்களே வளர்த்த மொய்செஸ் பாயெஸ்டெரோஸ், 21 வயதுப் பையன், பெரிய லீக்கில் தன் முதல் ஹோம் ரன்னை அடித்தார். அத்தனை ஆயிரம் பேர் இருக்க, அந்தப் பந்து நேராக ரிஸ்ஸோவை நோக்கி வந்தது. அவர் இரண்டு கையையும் நீட்டினார், பந்து தவறிப் போனது. தலையைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பை உன் மகனுக்குச் சொல். 46-ஆம் எண் சட்டை இன்னும் வீட்டில் இருக்கிறதா என்றும் கேட்டு எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்