கடலின் பச்சை மேலேதான் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பகுதியில் வந்த ஆழ்கடல் படத்தை என் மகள் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அழகான படம். ஆனால் ஓரத்தில் 4,000 மீட்டர் என்று குறித்திருக்கும் கடல் தரையில், விளக்கு மீன்களுக்கு நடுவே பச்சைப் பசேலென்று செடிகள் நிற்கின்றன. "வெயிலே போகாத இடத்துல செடி எப்படிப்பா பச்சையா இருக்கும்?" என்று அவளே கேட்டுவிட்டாள்.

அவள் கேட்டதுதான் சரி. செடிக்கு ஒளி வேண்டும். தெளிந்த நடுக்கடலில்கூடச் சுமார் 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதிய வெளிச்சம் கிடையாது. ஆற்று முகத்துவாரம் போன்ற கலங்கிய இடங்களில் சில மீட்டரிலேயே இருட்டிவிடும். கடலின் சராசரி ஆழம் 3,700 மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால், தாவர வாழ்வுக்குக் கிடைத்திருப்பது மேலே ஒரு மெல்லிய ஆடைதான்.

அந்த ஆடைக்குள் நடப்பதைத்தான் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள்தான் அங்கே காடு. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவற்றால் நடக்கிறது. அதிலும் ஒரு விசேஷம்: வெப்பமண்டல நடுக்கடலில் பச்சையம் அதிகம் இருப்பது வெயில் கொட்டும் மேற்பரப்பில் அல்ல, பெரும்பாலும் 100 மீட்டர் ஆழத்தை ஒட்டி. ஒளி மேலிருந்து வருகிறது, நைட்ரேட் போன்ற உரச்சத்தோ கீழிருந்து வருகிறது. இரண்டும் ஓரளவாவது கிடைக்கும் இடத்தில் பாசி கூடுகிறது.

ஒட்டி வளரும் பாசியில் மிக ஆழத்தில் கிடைத்தது, 1984-இல் பஹாமாஸ் அருகே 268 மீட்டரில் பாறை மேல் படிந்திருந்த ஊதா நிறச் செம்பாசி. மேற்பரப்பு ஒளியில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குதான் அங்கே எட்டுகிறது. தண்ணீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும், ஆழம் வரை போவது நீலம். அந்த நீலத்தையும் நீலப்பச்சையையும் பிடிக்கும் நிறமி செம்பாசியிடம் இருக்கிறது. அங்கேயும் பச்சை நிறம் இல்லை, பாருங்கள்.

அப்புறம், படத்தில் தண்டும் இதழுமாக ஒன்று இருக்கிறதே, அது கடல் அல்லி போலத் தெரிகிறது. அதை எடுத்துவிடாதீர்கள். அது உண்மையாகவே ஆழ்கடலில் வாழும் விலங்கு, நட்சத்திர மீனுக்கு உறவு.

அடுத்த இதழில் படத்தைத் திருத்தி ஒருமுறை வெளியிடுங்கள். பச்சையை மேலே ஏற்றிவிட்டு, அல்லிக்குப் பக்கத்தில் 'விலங்கு' என்று எழுதினால் போதும். பழையதை எடுத்துவிட்டு அதை ஒட்ட என் மகள் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்