உயிர்க் கணக்கில் ஒரு பன்றியும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘மனித உயிர் பெரிதா, விலங்கின் உயிர் பெரிதா’ என்று உங்கள் கடிதப் பகுதியில் இரண்டு வாரமாக நடக்கும் சண்டையை ஒரு நாள் விடாமல் படித்து வருகிறேன். தீப்பிடித்த வீட்டுக்குள் ஒரு குழந்தையும் ஒரு நாயும் மாட்டிக்கொண்டால் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதற்குப் பதில் சொன்னால் விவாதம் முடிந்தது என்றும் எழுதியிருந்தார். இன்னொருவர், கன்றுக்காகப் பெற்ற மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைக் கொண்டுவந்து நிறுத்தி, எல்லா உயிரும் ஒன்றே என்று கதவைச் சாத்திவிட்டார். இருவரும் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார்கள். எனக்கு ஐம்பத்தைந்து வருடமாக முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. 1969-ல், பதினோரு வயதில், எனக்குச் சர்க்கரை நோய் வந்தது. கணையம் இன்சுலின் சுரப்பதையே அடியோடு நிறுத்திவிடும் முதல் வகை. ஊசி போடாவிட்டால் சாவு. இதில் பத்தியம், கைவைத்தியம் எதுவும் செல்லாது. நாளுக்கு இரண்டு ஊசி என்று வைத்தாலே இதுவரை நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டேன். அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்சு. அம்மா அதைத் தினமும் வெந்நீரில் கொதிக்கவைப்பாள். ஊசி மழுங்கிப்போனால் தீட்டிக் கூராக்கி மறுபடியும் அதையே போடுவாள். மருந்துக் குப்பியில் அது எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும்: மாடு, அல்லது பன்றி. சில நேரம் இரண்டும் கலந்தது. என் தொடையில் அந்த இன்சுலின் உண்டாக்கிய குழிகள் இன்னும் இருக்கின்றன. ஊசி போட்ட இடத்தில் கொழுப்பு கரைந்து பள்ளம் விழுந்துவிடும். அந்தக் கால நோயாளிகள் பலருக்கும் அப்படி.

அம்மா ஊசி ஏற்றும்போது பாட்டி ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வாள். எனக்கு வலிக்கும் என்று பயந்துதான் மூடுகிறாள் என்று நினைத்திருந்தேன். கேட்டபோது, “ஒரு உசுரு போயித்தானடி இந்தத் தண்ணி வந்துச்சு” என்றாள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. குப்பியில் எழுதியிருந்ததை அம்மா வாசித்துச் சொன்னதோடு சரி.

கறிக்காக வெட்டியதன் மிச்சம்தானே, கணையத்துக்காகவா வெட்டினார்கள் என்று சிலர் எனக்கு ஆறுதல் சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால் அதைப் புரட்டிப் பாருங்கள். நான் உயிரோடிருக்க எங்கேயோ ஒரு வெட்டுக்கூடம் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. ஆறுதலாகவா இருக்கிறது?

இந்த மருந்தின் கதையே நாய்களிடமிருந்துதான் தொடங்குகிறது. 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மெரிங், மின்கோவ்ஸ்கி என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. நோயின் வேர் எங்கே என்று அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 1921 கோடையில் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பாண்டிங், பெஸ்ட் இருவரும் வரிசையாக நாய்களின் கணையத்தை எடுத்துவிட்டு, கணையச் சாற்றை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். நாய்களுக்கு எண் போட்டிருந்தார்கள். 92 என்ற எண் கொண்ட, கோலி வகை நாய் ஒன்று செத்தபோது பாண்டிங் அழுதிருக்கிறார். நோயாளிகள் செத்து ஒருபோதும் கண்ணீர் விட்டதில்லை, இந்த நாய்க்கு மட்டும் அடக்க முடியவில்லை என்று பின்னாளில் அவரே எழுதியும் வைத்திருக்கிறார். 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்ப்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் ஊசி. அது மாட்டுக் கணையத்துச் சாறு. சுத்தம் போதாமல் பலன் தரவில்லை. காலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்திகரித்துக் கொடுத்தார். பன்னிரண்டு நாள் கழித்துப் போட்டதில் பையன் எழுந்தான். அதற்குமுன் இந்த நோய் வந்த குழந்தைகளுக்குக் கிடைத்த ஒரே வைத்தியம் பட்டினி போடுவது. எலும்பும் தோலுமாக இன்னும் கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

ஆக, தீப்பிடித்த வீட்டுக் கேள்விக்கு என் பதில் குழந்தைதான். யார் வீட்டுக் குழந்தை என்றுகூடப் பார்க்க மாட்டேன். நான் மூச்சு விடுவதே அந்தப் பதிலால். வேறு பதில் சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் கேள்வி கேட்ட வாசகர் ஒன்றைக் கவனிக்கவில்லை. தீயில் நாயை விட்டுவிட்டு ஓடுகிறோம். டொரண்டோவில் நாயைத் தூக்கித் தீயில் போட்டார்கள். இரண்டும் ஒன்றா? நாயைக் காப்பாற்ற இன்னும் இரண்டு கை இல்லையே என்று முதலாவதில் அழலாம். இரண்டாவதில் பாண்டிங் எதற்காக அழுதார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். தான் செய்தது தப்பு என்று அவர் சொல்லவில்லை. பிறகும் அடுத்த நாயை எடுத்துக்கொண்டார். இருந்தும் அழுதார். அந்த இரண்டையும் ஒரே மனிதர் செய்தார் என்பதில்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு.

இனி மணியின் கதை. மணி என் நாய். ஒன்பது வயதில் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். சாப்பிடச் சாப்பிட இளைத்தான். அந்த அறிகுறியை நான் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பேன். கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு வந்ததேதான் மேடம்” என்றார். பிறகு அவர் எழுதிக்கொடுத்த மருந்தின் குப்பியைப் படித்தேன். பன்றி இன்சுலின். எனக்குக் கால்நூற்றாண்டுக்கு முன்பே நின்றுபோன அதே சரக்கு, நாய்க்கு இன்னும் வருகிறது. காரணம் இருக்கிறது. இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்கள் கோத்த மணிமாலை. நாயின் மாலைக்கும் பன்றியின் மாலைக்கும் ஒரு மணிகூட வித்தியாசமில்லை. மனிதனுக்கும் பன்றிக்கும் ஒரே ஒரு மணி வித்தியாசம். மாட்டோடு மூன்று. இதை முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். அன்றுதான் கையில் பிடித்துப் பார்த்தேன்.

இரண்டு வருடம், நாளுக்கு இரண்டு வேளை, அவன் சாப்பிட்டு முடித்ததும் பிடரித் தோலைத் தூக்கி ஊசி போட்டேன். ஒரு முறைகூடப் பாட்டியைப் போல நான் கண்ணை மூடவில்லை. இத்தனைக்கும் பன்றி அறிவில் நாய்க்குச் சளைத்ததல்ல, பெயர் சொன்னால் திரும்பும், குட்டியைப் பிரித்தால் தேடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. அங்கே மனிதன் மேல், விலங்கு கீழ் என்ற பேச்சே இல்லை, இரண்டுமே விலங்கு. நாய் பக்கம் நான் சாய்ந்ததற்கு ஒரே காரணம், அது என் நாய். உங்கள் வாசகரும் தீக்குள் நாயைத்தான் வைத்தார், பன்றியை வைக்கவில்லை, பாருங்கள். பன்றியை வைத்திருந்தால் யாரும் கடிதமே எழுதியிருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ‘மேல்’ என்ற சொல்லின்மேல் சந்தேகம். தராசில் நிறுத்துப் பார்த்துச் சொல்வதுபோல அதைச் சொல்கிறோம். உள்ளே இருப்பது ‘என்னுடையது’ என்ற சொல். வகுப்பில் ஒருமுறை இதே தீக்கதையைச் சொல்லி, குழந்தைக்குப் பதில் முன்பின் தெரியாத ஒரு பெரிய ஆளை வைத்தேன். ஒரு பையன் எழுந்து, “அந்த ஆள் நல்லவரா டீச்சர்?” என்றான். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “நாய் யாரோடது?” என்றாள். சிரித்துவிட்டு மணி அடித்ததும் வெளியே வந்துவிட்டேன். இன்றைக்கு யோசித்தால், பெரியவர்கள் மறைக்கிற இரண்டு கேள்வியையும் அதுகள் வாய்விட்டுக் கேட்டிருக்கின்றன.

‘என்னுடையது’ என்பது ஆபத்தான சொல்லும்கூட. என் இனம், என் சாதி, என் நிறம் என்று சொல்லி மற்றவனை மனிதக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டவர்களும் இதைத்தான் சொன்னார்கள். அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பாதிப் பதில்தான் சொல்வேன். என்னுடையதை முதலில் தூக்கிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. அதற்காக அடுத்ததன் உயிரைப் பிடுங்க உரிமை உண்டா? இல்லை என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் பிடுங்கித்தான் பிழைத்திருக்கிறேன். வேறு வழி அன்று இல்லை என்பதைத் தவிர என்னிடம் சமாதானம் கிடையாது.

மனுநீதிச் சோழன் விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கதையில் அரசன் கன்றின் உயிரையும் மகனின் உயிரையும் எடைபோட்டான் என்று வாசகர் எழுதியிருந்தார். கதையை மறுபடி படியுங்கள். அரண்மனை ஆராய்ச்சி மணியை அடித்தது பசு. அந்தத் தாய் பட்ட துயரத்தைத் தானும் பட்டால்தான் நியாயம் என்றான் அரசன். துயரத்துக்குத் துயரம்தான் அங்கே எடை. நடுவில், இளவரசன்மேல் தேரை ஓட்டச் சொன்ன ஆணையை நிறைவேற்ற மனமில்லாமல் ஓர் அமைச்சர் தன் உயிரையே விட்டார். அவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கடைசியில் இறைவன் வந்து எல்லோரையும் எழுப்பிவிட்டதால் கதை தப்பித்தது. டொரண்டோ நாய்களை யாரும் எழுப்பவில்லை.

வேறு வழி இல்லை என்றேன். வழி வந்துவிட்டால்? 1982-ல் வந்துவிட்டது. மனித இன்சுலினுக்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே சுரக்கவைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நான் 1990-களில் அதற்கு மாறினேன். அன்றைக்குக் கண்ணை மூட வேண்டியதில்லை என்று நினைத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை என்று பிறகு தெரிந்தது. உடம்புக்குள் ஏற்றும் ஊசிமருந்தில் பாக்டீரியாவின் நச்சு எச்சம் இருக்கிறதா என்று சோதித்தாக வேண்டும். முன்பு முயலின் காது ரத்தக்குழாயில் மருந்தை ஏற்றிக் காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பார்கள். 1970-களிலிருந்து குதிரைலாட நண்டின் நீல ரத்தம் அந்த வேலையைச் செய்கிறது; நச்சு பட்டதும் உறைந்துவிடும். பிடித்து, ரத்தம் எடுத்து, கடலில் விடுவார்கள். எல்லாம் பிழைப்பதில்லை. இப்போது அதற்கும் ஆய்வகத்திலேயே தயாரிக்கும் மாற்றுப் புரதம் வந்திருக்கிறது. நண்டும் விடுதலையாகும் என்று நம்புகிறேன், மெதுவாக.

1959-லேயே ரசல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய அறிவியலாளர்கள் ஆய்வுக்கூடங்களுக்கு மூன்று வேலை சொன்னார்கள்: விலங்குக்கு மாற்றுத் தேடு, எண்ணிக்கையைக் குறை, நோவைத் தணி. விலங்கு மனிதனுக்குச் சமமா என்ற வழக்குத் தீர்ந்த பிறகுதான் இதைச் செய்யலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. மனித உயிர்தான் மேல் என்று மேசையைத் தட்டுகிறவரும் இதைச் செய்யலாம், ஒன்றும் குறைந்துபோகாது. வழக்கைத் தீர்ப்பதில் நமக்கு இருக்கும் ருசியில் வேலை நின்றுவிடுகிறது.

இதையெல்லாம் எழுதும் யோக்கியதை எனக்கு முழுசாக இல்லை. ஆண்டுக்கு நாற்பது தவளை என்று வையுங்கள். இருபது ஆண்டு செய்முறை வகுப்பில் எண்ணூறு. குளோரோபார்ம் ஜாடியில் போட்டு மயக்கி, மெழுகுத் தட்டில் மல்லாக்க வைத்து, நான்கு காலிலும் குண்டூசி குத்தி, நடுவே கத்தரிப்போம். சிலது தட்டில் அசையும். நெஞ்சைத் திறந்த பிறகும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். அதை அதிசயம்போலப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவேன். என் இன்சுலினுக்காவது ஒரு உயிர் பிழைத்தது. இதில் பிழைத்தது செய்முறைத் தேர்வு மதிப்பெண். படமும் மாதிரியும் அன்றும் இருந்தன.

ஓய்வுபெறுவதற்குச் சில வருடம் முன்பு தவளை அறுப்பதை நிறுத்திவிட்டு, கணினியில் காட்டச் சொன்னார்கள். முதல் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சரியாகவே வரைந்தார்கள். இதயத்தின் மூன்று அறையும் பிசகாமல். முடித்துவிட்டு ஒரு பெண் கேட்டாள், “அப்போ இதுக்கு முன்னாடி வெட்டினதெல்லாம் எதுக்கு டீச்சர்?”

பாடத்திட்டத்தில் இருந்தது என்றேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை